மொட்டைமாடி அறையில் யாரும் இல்லை

தலாந்தாவின் விண்ணப்பம் தள்ளுபடி ஆனதற்கு ஹாஜியம்மா மன்னானாதான் காரணம். இதில் எங்கள் சந்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஹாஜியம்மாவுக்கே இல்லை. ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வைக்க ஒரு கல்யாணம் தேவைப்பட்டது. அதுவும் பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் நடந்த கல்யாணம்.

நான் தலைநகர் ரபாத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஸலாவில், டிராம் திரும்புகிற இடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் பால்கடை வைத்திருக்கிறேன். என் கடை வாசலில் ஓர் ஓரமாக இரும்புக்கல் போட்டு மஸ்மன் சுட்டு விற்பவள் தலாந்தா. மாவை எண்ணெயில் இழுத்து, நான்காக மடித்துச் சுடும் ரொட்டி. எங்கள் வீட்டுப் பெண்களுக்கே அந்தப் பதம் வராது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் என் கடையில் பால் குடிப்பதே அவள் ரொட்டிக்காகத்தான்.

தலாந்தா கினி நாட்டுக்காரி. லாபே என்ற மலையூர். ஸ்பெயினுக்குப் போகலாம் என்று வந்தவர்களில் ஒருத்தி, ஆனால் போகவில்லை. கேட்டால், "கடலப் பாத்தேன் அண்ணே, திரும்பி வந்துட்டேன்" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். ஊரில் அவளுடைய தாயாரிடம் ஒரு மகளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அப்போது ஹாஜியம்மா மன்னானாவின் கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு பெரியது, பிள்ளைகள் இல்லை. மொட்டைமாடியில் ஓர் அறையும், பக்கத்தில் ஒரு கோழிக்கூண்டும் இருந்தன. அறையைத் தலாந்தாவுக்கு வாடகைக்கு விட்டார். பெயர் கேட்டார், அவள் சொன்னாள், ஹாஜியம்மாவின் வாயில் அது நுழையவில்லை. "உன்ன ஜஹ்ரான்னு கூப்புடறேன், அது போதும்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து சந்து முழுக்க அவள் ஜஹ்ராதான். தலாந்தா என்ற பெயர் எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் அவளிடம் எந்தக் காகிதமும் இல்லை. திடீரென்று போலீஸ் வேன் வரும். கறுப்பு ஆட்களைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றித் தெற்கே எங்காவது ஓர் ஊரில் இறக்கிவிடுவார்கள். வேன் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், ஹாஜியம்மா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "மேல யாரும் இல்ல. நானும் என் கோழிங்களும்தான்" என்பார். வெள்ளை உடையும் கையில் ஜபமாலையுமாக உட்கார்ந்திருக்கும் விதவையைத் தாண்டிப் படியேற எந்தப் போலீசுக்கும் மனம் வராது. ஒரே ஒருமுறை ஒருவர் ஏறிவிட்டார். பக்ரீத் முடிந்த வாரம், மாடியில் தெருக்காரர்களின் ஆட்டுத்தோல்கள் எல்லாம் உப்புத் தடவிக் காய்ந்துகொண்டிருந்தன. தலாந்தா அந்தத் தோல்களுக்கு அடியில் படுத்துக்கிடந்தாள். வந்தவர் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். ஹாஜியம்மா இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

பிறகு அரசாங்கம் மனம் மாறி, நெடுநாளாக இருப்பவர்களுக்கு அட்டை கொடுத்தது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய அட்டை. தலாந்தா அப்போது பகலில் ரபாத்தில் ஒரு டாக்டரம்மா வீட்டில் வேலை பார்த்தாள். அந்த அம்மா தன் வீட்டு விலாசத்தையே கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். அதனால் ஹாஜியம்மா வீட்டுக்கு யாரும் விசாரிக்க வரவேயில்லை. டாக்டரம்மா குடும்பத்தோடு கனடா போனபின்தான் தலாந்தா என் கடை வாசலுக்கு வந்தாள். அட்டையில் மட்டும் அந்தப் பழைய விலாசமே தொடர்ந்தது.

வருட அட்டையில் ஒரு தொல்லை. புதுப்பிக்கக் கொடுத்தால் பாதி வருடம் கையில் ரசீதுதான் இருக்கும். ரசீதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அட்டை கையில் இருக்கும் மாதங்களில் டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்திருக்காது. இப்படியே மகளைப் பார்க்காமல் காலம் ஓடிவிட்டது. அந்த மகளுக்கு, ஹஸனத்துவுக்கு, கல்யாணம் நிச்சயமானது. தலாந்தா முடிவு செய்தாள். நிரந்தரமாக இருப்பவர்களுக்கான பத்து வருட அட்டைக்கு விண்ணப்பிப்பது, அதை வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது. விலாசம் என்ற இடத்தில் முதல்முறையாகத் தான் உண்மையில் குடியிருக்கும் வீட்டை எழுதினாள்.

விசாரணைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஊரே குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரம். என் கடை மூடியிருந்தது. தலாந்தா தன் ஊர்க்காரி ஒருத்தியைப் பார்க்க ரபாத் போயிருந்தாள். வந்தவர் சாதாரண உடையில் இருந்த இளம் அதிகாரி. கூடவே புஷ்தா. புஷ்தாதான் எங்கள் பேட்டையின் முகத்தெம். யார் எந்த வீட்டில் இருக்கிறார், யார் பிறந்தார், யார் செத்தார் என்று அரசாங்கத்துக்குச் சொல்கிற ஆள். அன்று நடந்ததை எனக்குப் பிறகு சொன்னவரும் அவர்தான்.

"இந்த வீட்ல தலாந்தா பாரின்னு ஒருத்தங்க இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"அப்படி யாரும் இல்ல" என்றார் ஹாஜியம்மா.

"கினி நாட்டுப் பொம்பள. வேற பேருல கூட இருக்கலாம்."

"தம்பி, இது மானமா வாழற வீடு. வெளிநாட்டு ஆளுங்க யாரும் இந்த வாசப்படிய மிதிச்சதில்ல."

"மாடியில ரூம் ஒண்ணு தெரியுதே?"

"கோழி வளக்குறேன். வேணும்னா ஏறிப் பாரு. படி வழுக்கும், விழுந்தா என்னக் கேக்காத."

அதிகாரி புஷ்தாவைப் பார்த்தார். புஷ்தா தன் செருப்பைப் பார்த்தார். தலாந்தா சுடும் ரொட்டியைத் தினமும் காலையில் தின்கிற மனிதர். ஹாஜியம்மா ஒரு விஷயத்தை இல்லை என்று சொல்லும்போது பக்கத்தில் நின்று இருக்கிறது என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. காகிதத்தில் 'மேற்படி நபர் இவ்விலாசத்தில் இல்லை' என்று எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டார்.

சில வாரம் கழித்துத் தலாந்தாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அட்டை வந்துவிட்டது என்று நினைத்து, தலையில் புதுத் துணி கட்டிக்கொண்டு போனாள். நடுப்பகலுக்குத் திரும்பி வந்தவள் என் கடைக்குள் வந்து பால் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"நான் அந்த வீட்ல இல்லையாம் அண்ணே."

"எந்த வீட்ல?"

"ஹாஜியம்மா வீட்ல. 'நேத்து ராத்திரி அங்கதான் தூங்கினேன், காலைல அங்கேந்துதான் வர்றேன்'னு சொன்னேன். வீட்டுக்கார அம்மாவே இல்லன்னு சொல்லியிருக்காங்களாம். பொய் விலாசம் குடுத்தா வருச அட்டையும் போயிடும்னு சொல்றாங்க. ஆதாரம் கொண்டு வரணுமாம். அதுவரைக்கும் ரசீதுதான்."

ரசீது என்றால் அவள் கல்யாணத்துக்குப் போக முடியாது.

அவள் எழுந்து நேராக ஹாஜியம்மாவின் வாசலுக்குப் போனாள். ஹாஜியம்மா புதினாக்கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தார். சந்து சின்னது. பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"ஹாஜியம்மா, என்னக் கேட்டு போலீஸ் வந்தாங்களா?"

"வந்தான் ஒருத்தன். அனுப்பிட்டேன்." குரலில் பெருமை இருந்தது. "நீ பயந்துக்குவியேன்னுதான் உங்கிட்ட சொல்லல."

"அவங்கள வரச் சொன்னதே நான்தான்."

"போலீச யாராவது வீட்டுக்கு வரச் சொல்லுவாங்களாடி?"

"நோன்புக்கு முன்னாடியே உங்ககிட்ட சொன்னேன். ஒருத்தர் வந்து கேப்பாரு, இருக்கான்னு மட்டும் சொல்லுங்கன்னு."

"நீ ஏதோ கார்டுன்னு சொன்ன. போலீஸ்னு சொன்னியா?"

"கார்டு யாரு குடுப்பாங்க, தபால்காரனா?" என்றாள் தலாந்தா. "சரி, போனது போகட்டும். நாளைக்கு எங்கூட வந்து இருக்கான்னு சொல்லிடுங்க."

ஹாஜியம்மாவின் கை புதினாவில் நின்றது. "வந்து என்னன்னு சொல்றது? மக்காவுக்குப் போயிட்டு வந்த பொம்பள பொய் சொல்லிட்டேன்னு சொல்லவா? எத்தன வருசமா இருக்கா, எவ்ளோ வாடகைன்னு கேப்பான். அப்புறம் வரிக்காரன் வந்து நிப்பான். உனக்குக் கார்டு, எனக்கு அவமானமா?"

"என் பொண்ணு கல்யாணம் ஹாஜியம்மா."

"ஒத்தி வெக்கச் சொல்லு."

தலாந்தா சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. "அன்னிக்கு ஆட்டுத்தோலுக்கு அடியில மூச்சு விடாம படுத்திருந்தேன். நீங்க காப்பாத்தினீங்க. அத நான் மறக்கல. ஆனா வெளிய வந்து எத்தனையோ வருசமாச்சு. நீங்கதான் என்ன இன்னும் அதுக்கு அடியிலயே வெச்சிருக்கீங்க."

"நன்றி கெட்டவ" என்று சொல்லிவிட்டு ஹாஜியம்மா புதினாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. வாடகையைத் தலாந்தா கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனாள்.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு புஷ்தாவிடம் போனேன். அவர் எங்களை உட்காரக்கூட வைக்காமல், கதவுக்கு வெளியே வந்து தணிந்த குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியாதா மிலூத்? இந்தப் பொண்ணு எந்த வருசம் வந்தான்னு கூட தெரியும். ஆனா இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேனே. இப்ப நானா போய் இருக்கான்னா, அப்ப ஏன் இல்லன்னு எழுதினன்னு கேப்பாங்க. ரிட்டையர் ஆகப்போற நேரம். ஹாஜியம்மா முதல்ல போய் சொல்லட்டும். அவங்க சொன்ன அன்னிக்கே நான் எழுதித் தர்றேன்."

"நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமே."

"ஹாஜியம்மாகிட்டயா?" என்று சிரித்தார். "நீ பேசிப் பாரேன்."

பேசிப் பார்த்தேன். வெண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். தேநீர் கொடுத்தார், என் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்தார், நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னொரு கோப்பை ஊற்றினார். வந்த வழியே திரும்பினேன்.

சந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மாடியில் கோழிதான் இருக்கிறது என்று ஹாஜியம்மா சொன்ன கதை எப்படியோ பரவிவிட்டது. காய்கறி வண்டிக்காரன் ஹம்மாதி ஒரு காலையில், "ஹாஜியம்மா, உங்க கோழி இன்னிக்கு மஸ்மன் நல்லா சுட்டிருக்கு" என்றான். ஹாஜியம்மா அவன் வண்டியிலிருந்தே ஒரு முள்ளங்கியை எடுத்து அவன்மேல் எறிந்தார். அதிலிருந்து ஒரு மாதம் கடைத்தெருவுக்கு நடந்துபோய்க் காய் வாங்கினார்.

கல்யாணத்தை ஒத்தி வைக்க முடியவில்லை. மாப்பிள்ளை வடக்கே சுரங்கத்தில் வேலை பார்ப்பவர், விடுமுறை கிடைத்ததே பெரிது. கல்யாணம் நடந்த ஞாயிற்றுக்கிழமை தலாந்தா கடை போடவில்லை.

அன்று பிற்பகல் நடந்ததை ஹாஜியம்மா ஒரு விதமாகவும் தலாந்தா ஒரு விதமாகவும் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மாடியிலிருந்து பெண்கள் பாடும் சத்தம் கேட்டது. நிறையப் பெண்கள். ஒருத்திக்குக் கொடுத்த அறையில் கூட்டத்தைக் கூட்டிவிட்டாள் என்று ஹாஜியம்மாவுக்குக் கோபம். சண்டை போடுவதற்கென்றே படியேறினார். கதவு திறந்துதான் இருந்தது.

தலாந்தா கட்டில்மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கு உடுத்தும் கருநீலச் சாயத்துணி, காதில் தொங்கட்டான், கையில் மருதாணி. எதிரே மேஜையில் கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டியின்மேல் சாய்த்து வைத்த போன். பாட்டு அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார் ஹாஜியம்மா. சண்டைக்கு எடுத்துவந்த குரல், அது அப்படியே வந்துவிட்டது.

"யாரும் இல்ல" என்றாள் தலாந்தா. கொஞ்சம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள்.

ஹாஜியம்மா உட்கார்ந்தார். போனில் ஒரு முற்றம், பாய்கள், சுற்றிலும் நீலத்துணிப் பெண்கள். நடுவில் வெள்ளை முக்காட்டுக்குள் ஓர் உருவம்.

"எது உன் பொண்ணு?"

"வெள்ளத் துணி."

"மூஞ்சியே தெரியலியே."

"கடைசிலதான் திறப்பாங்க."

"அந்தத் துணியச் சரி பண்ணி விடறது யாரு?"

"என் நாத்தனார்."

"அதப் பெத்தவ இல்ல பண்ணணும்?"

"ஆமா" என்றாள் தலாந்தா.

படம் அப்படியே உறைந்துபோனது. நாத்தனாரின் கை பாதியில் நின்றது. இருவரும் அந்த நின்ற கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கூண்டில் கோழிகள் சண்டை போட்டன. மறுபடி படம் ஓடத் தொடங்கியபோது முக்காட்டை விலக்கியிருந்தார்கள். ஹஸனத்து போனைப் பார்த்து என்னவோ சொன்னாள், தலாந்தாவும் என்னவோ சொன்னாள். ஹாஜியம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மணப்பெண்ணைப் பார்த்தபின் எங்கள் ஊர்ப் பெண்ணால் சும்மா இருக்க முடியாது. வாயைக் குவித்து ஒரு நீண்ட குலவை போட்டார். அந்தப் பக்கம் இருந்த பெண்கள் திடுக்கிட்டுப்போய், பிறகு சிரித்து, எல்லோரும் போன்முன் வந்து எட்டிப்பார்த்தார்கள்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"யாரு அதுன்னு கேக்கறாங்க. வீட்டுக்கார அம்மான்னு சொன்னேன்."

ஹாஜியம்மா தலைத்துணியைச் சரி செய்துகொண்டார். "நீ ஏன் வரலன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"கார்டு வரலன்னு சொல்லியிருக்கேன்."

"யாரால வரலன்னு?"

"சொல்லல."

பாட்டு முடிந்து, சாப்பாடு பரிமாறி, அந்தப் பக்கம் போனில் சார்ஜ் தீரும்வரை இருவரும் பார்த்தார்கள். எழுந்து போகும்போது வாசலில் நின்று ஹாஜியம்மா கேட்டார்: "அந்த ஆபீஸ எத்தன மணிக்குத் திறப்பான்?"

மறுநாள் காலை ஹாஜியம்மா தன் நல்ல ஜெல்லாபா அங்கியைப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பத்திரம், மக்கா போன பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு என் கடைமுன் வந்து நின்றார். "கடைய மூடு மிலூத். எனக்கு அங்க படிச்சுக் காட்ட ஆள் வேணும்." தலாந்தா ஏற்கனவே தெருமுனையில் நின்றிருந்தாள்.

வெளிநாட்டவர் பிரிவில் நீளமான வரிசை. செனகல்காரர்கள், சிரியாக்காரர்கள், சூட்கேசோடு வந்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர். எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது அதே இளம் அதிகாரி. ஹாஜியம்மாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"சொல்லுங்க."

"இவ எங்க வீட்லதான் இருக்கா" என்றார் ஹாஜியம்மா.

"அன்னிக்கு இல்லன்னீங்களே."

"நீ தலாந்தான்னு கேட்ட. எங்க வீட்ல இருக்கறவ பேரு ஜஹ்ரா."

அதிகாரி தலாந்தாவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள், உதவிக்கு வரவில்லை.

"வேற பேருல இருக்கலாம்னும் கேட்டேன் ஹாஜியம்மா."

"கேட்ட."

"வெளிநாட்டு ஆளுங்க யாரும் வாசப்படிய மிதிச்சதில்லன்னீங்க."

"சொன்னேன்."

"மாடியில கோழின்னீங்க."

"கோழியும் இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹாஜியம்மா திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. பிறகு பையை மேடைமேல் வைத்தார்.

"எழுதிக்கோ தம்பி. நான் பொய் சொன்னேன். அப்பல்லாம் உங்க ஆளுங்க வேன்ல வருவாங்க. அப்பேந்து இந்த ஒரே பதிலத்தான் சொல்லிட்டு இருக்கேன். நீ வந்து கேட்டதும் வாய் தானா சொல்லிடுச்சு. அவங்க இவளப் புடிக்க வந்தாங்க, நீ இவ இருக்கான்னு எழுத வந்தன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கதவத் தட்டறீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு வேன் காலம் தெரிந்திருக்க வயதில்லை. "உள்ள வந்து உக்காருங்க" என்று பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே உட்கார வைத்து, என்னென்ன வேண்டும் என்று சொன்னார். ஹாஜியம்மாவின் வாக்குமூலம், கையெழுத்தை நகராட்சியில் உறுதி செய்த வாடகை ஒப்பந்தம், முகத்தெமின் குடியிருப்புச் சான்று, பிறகு இன்னொரு நேரடி விசாரணை. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன், ஹாஜியம்மா தலையாட்டினார்.

"எத்தன வருசமா இருக்காங்க?" என்று கேட்டார் அதிகாரி.

ஹாஜியம்மா பயந்த கேள்வி இதுதான். போன வருடம் வந்தாள் என்று சொல்லியிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டோம். ஆனால் நெடுநாளாக ஒரே இடத்தில் இருப்பவள் என்றால் தலாந்தாவுக்கு நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"என் வீட்டுக்காரர் மௌத்தான வருசத்துலேந்து" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வரிக்காரனுக்குப் போகுமா?"

"அது வேற ஆபீஸ், ஹாஜியம்மா" என்றபடி அதிகாரி எழுதிக்கொண்டே போனார்.

திரும்பும்போது டிராமில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தலாந்தா நன்றி சொல்லவில்லை. ஹாஜியம்மாவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஆற்றைத் தாண்டும்போது, "அந்த நீலத்துணி அங்கேந்து வரவழைச்சதா?" என்று கேட்டார். "ஆமா, அம்மா அனுப்பினாங்க" என்றாள்.

புஷ்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மாலையே சான்று எழுதி, அவரே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு ரொட்டி கேட்டார். தலாந்தா அன்று மட்டும் அவரிடம் இரண்டு மடங்கு காசு வாங்கினாள், அவரும் பேசாமல் கொடுத்தார். ஒப்பந்தத்தை நகராட்சி வாசலில் உட்கார்ந்திருக்கும் டைப் அடிப்பவரிடம் அடித்து வாங்கினோம். ஹாஜியம்மா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து என்று அவர் பழகியிருந்தது தன் பெயரின் முதல் மூன்று எழுத்துகள்தான். மீதியைக் கோடாக இழுத்துவிடுவார்.

மறுவிசாரணைக்கு அதிகாரி வந்தபோது ஹாஜியம்மாவே முன்னால் படியேறி, கட்டில், துணிமணி, அடுப்பு எல்லாவற்றையும் காட்டினார். கேட்காமலே கோழிக்கூண்டையும் திறந்து காட்டினார். தேநீர் குடிக்காமல் அவரை இறங்க விடவில்லை.

அட்டை இலையுதிர் காலத்தில் வந்தது. தலாந்தா அதை என் கடை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்தில் யாரோடோ சண்டைக்கு நிற்பவள்போல இருந்தாள். "இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். அன்றைக்கு அலுவலகத்தில் அப்படித்தான் இருந்தாய் என்றேன்.

ஊருக்குப் போனாள். கல்யாணம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. மகள் கர்ப்பமாக இருந்தாள். என்ன பேசினார்கள், எப்படி இருந்தது என்பதைப் பற்றித் தலாந்தா அதிகம் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் மகள் தன்னை விருந்தாளி மாதிரி நடத்தினாள் என்றும், மூன்றாம் நாள் பாத்திரம் கழுவுவதில் சண்டை வந்தபின் சரியாகிவிட்டது என்றும் மட்டும் சொன்னாள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு விஷயம். காசாபிளாங்கா விமான நிலையத்தில் திரும்பி வந்து இறங்கியபோது, வரிசையில் நிற்கையில் அட்டையைக் கையிலேயே எடுத்து வைத்துக்கொண்டாளாம். எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாளாம்.

"கார்டப் பாத்தாரு, முத்திரை குத்தினாரு, குடுத்தாரு. ஒண்ணுமே கேக்கல அண்ணே" என்றாள். கேட்காமல் விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

அடுத்த மாதமே ஹாஜியம்மா வாடகையை ஏற்றினார். வரி கட்ட வேண்டி வருகிறது, எல்லாம் உன்னால்தான் என்று காரணம் சொன்னார். முன்பெல்லாம் ஹாஜியம்மா சொன்னால் தலாந்தா கொடுத்துவிடுவாள். இந்தமுறை கல்லின்மேல் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு வருசத்துக்கு ஏத்த முடியாது ஹாஜியம்மா."

"யாரு சொன்னா?"

"ஒப்பந்தத்துல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டது."

ஹாஜியம்மா என் பக்கம் திரும்பினார். "மிலூத், இத யாரு எழுதச் சொன்னது?"

"டைப் அடிக்கறவரு எல்லாத்துலயும் அப்படித்தான் அடிப்பாராம்" என்றேன்.

நம்பாமல் புஷ்தாவைத் தேடிக்கொண்டு போனார். புஷ்தா, ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் சட்டமே அதுதான் என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, கடை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, தன் வீட்டிலேயே தனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது என்று சந்து கேட்கச் சொன்னார். மாடிக்குழாயில் இனிமேல் துணி துவைக்கக் கூடாது என்றார். தண்ணீர் வாடகையில் சேர்த்தி, அதுவும் எழுதியிருக்கிறது என்றாள் தலாந்தா. அப்படியானால் வெள்ளிக்கிழமை குஸ்குஸ் தட்டை மாடிக்கு அனுப்பப் போவதில்லை என்றார் ஹாஜியம்மா. அது ஒப்பந்தத்தில் இல்லை, உங்கள் இஷ்டம் என்றாள் இவள்.

வாடிக்கையாளர்கள் மூன்று பேர் ரொட்டிக்காக நின்றிருந்தார்கள். தலாந்தா அடுத்த உருண்டையை எடுத்து எண்ணெயில் தட்டி இழுக்க ஆரம்பித்தாள். ஹாஜியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று கட்டச் சொன்னார்.